மாமியின் பேணியில் இருந்த வெள்ளி

ஹம்பேர்க் அல்தோனாவில் இருக்கும் என் மாமி அண்மையில் வீடு மாறினார். சாமான் ஏற்றப் போன எனக்கு கெல்லரைக் காலி பண்ணும் வேலை வந்து சேர்ந்தது. இங்குள்ள மாடி வீடுகளுக்குக் கீழே, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் பலகை அடித்துப் பிரித்துக் கொடுத்திருக்கும் நிலவறைதான் கெல்லர். வேண்டாதது என்று சொல்லவும் மனமில்லாமல், வீட்டில் வைக்கவும் இடமில்லாமல் இருப்பதெல்லாம் அங்கே போகும். அந்தக் குவியலுக்குள் ஒரு டென்மார்க் பிஸ்கட் பேணி இருந்தது. மேலே கொண்டு வந்து திறந்தோம்.

உள்ளே இரண்டு பொருள்கள். ஒன்று, 1981இல் யாழ்ப்பாணத்தில் நடந்த மாமியின் கலியாணத்துக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் துண்டுகள். மற்றது, 2003இல் மச்சாளின் சாமத்திய வீட்டுக்கு எடுத்த டிஜிட்டல் படங்களைப் பதிந்து வைத்த இறுவட்டு. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வெளுத்த தலைமுடியும் கறுத்த மல்லிகைப் பூவுமாக மாமி மணவறையில் இருந்தார். இறுவட்டைப் போட என் மடிக்கணினியில் இடமே இல்லை. வாசிப்பான் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டோம். சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. ஒரு படம்கூட வரவில்லை.

"அப்ப புதுசு செத்துப்போச்சு, பழசு உயிரோட கிடக்கு" என்றார் மாமி.

அந்த நெகட்டிவை மாமா நாட்டை விட்டு வரும்போது சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்தாராம். ஊரில் இருந்த அல்பம் 1995 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. ஆகவே அந்தக் கலியாணத்துக்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் சாட்சி அந்தத் துண்டுகள் மட்டும்தான். நாற்பது ஆண்டு தாண்டியும் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய ஒரு பொருளை உலகம் ஏறக்குறைய பத்தே ஆண்டில் ஏன் கைவிட்டது? அதன் இடத்தில் வந்தது ஏன் அவ்வளவு காலம் தாங்கவில்லை? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு, ஒளி ஒரு பொருளின்மேல் பட்டால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளியின் சில உப்புகள் வெயிலில் வைத்தால் கறுக்கும் என்பது பழைய காலத்திலேயே தெரிந்த விஷயம். கறுக்க வைப்பது வெயிலின் சூடா, வெளிச்சமா? இதைத் தீர்த்தவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜேர்மனியப் பேராசிரியர் யோகான் ஹைன்ரிக் ஷுல்ட்ஸ. அவர் சுண்ணத்தை அமிலத்தில் ஊறவைத்து வேறெதையோ செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமிலத்தில் கொஞ்சம் வெள்ளி கரைந்திருந்தது. ஜன்னலோரம் இருந்த போத்தலில் வெயில் பட்ட பக்கம் மட்டும் கருநீலமாக மாறியது. அதே கலவையை அவர் நெருப்பில் சூடாக்கிப் பார்த்தார், நிறம் மாறவில்லை. பிறகு தாளில் எழுத்துகளை வெட்டி போத்தலில் ஒட்டி வெயிலில் வைத்தார். வெட்டிய இடத்தின் வழியே மட்டும் எழுத்துகள் பதிந்தன. சூடு குற்றவாளியல்ல, ஒளிதான் என்று ஆயிற்று.

அந்த அறிவு கமராவாக வளர இன்னும் நூறாண்டு எடுத்தது. பாரிஸில் டகேர் என்பவர், தகட்டில் ஒளிப்படம் பதிக்கும் தன் முறையை 1839இல் வெளிப்படுத்தினார். மூன்றே ஆண்டில் ஹம்பேர்க்குக்கு அது தேவைப்பட்டது. 1842 மே 5ஆம் தேதி டைஷ்ட்ராஸ தெருவில் பிடித்த தீ 8ஆம் தேதி வரை எரிந்தது. 51 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 20,000 பேர் வீடிழந்தார்கள். அல்தோனாவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹெர்மன் பியோவ், வெள்ளி பூசிய செப்புத் தகடுகளோடு போய் அந்த இடிபாடுகளைப் படமெடுத்தார். செய்தி நிகழ்வு ஒன்றைப் பதிந்த உலகின் மிகப் பழைய ஒளிப்படங்களில் அவையும் அடங்கும். அவர் எடுத்த நாற்பதுக்கும் மேற்பட்ட தகடுகளில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் எஞ்சிய தகட்டில் அல்ஸ்டர் ஏரிக்கரையின் மொட்டைச் சுவர்கள் இன்றும் தெரிகின்றன. வாசிக்க ஒரு கருவியும் வேண்டியதில்லை. மாமியின் நெகட்டிவும் அந்தத் தகடும் ஒரே குலம்.

பிலிமின் மேற்பூச்சுக்குத் தமிழில் பால்மம் என்று பெயர். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதன் வேலையும் பாலின் வேலைதான். ஜெலற்றின் என்ற பசைக்குள் வெள்ளி புரோமைட்டின் மிகச் சிறிய பளிங்குகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒவ்வொரு பளிங்கையும் ஒரு சட்டி பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவின் கதவு ஒரு கணம் திறக்கும்போது சில பளிங்குகளில் ஒளி விழுகிறது. விழுந்த பளிங்கில், நூறு கோடியளவில் உள்ள வெள்ளி அயன்களுள் வெறும் நாலைந்து மட்டும் உலோக வெள்ளி அணுக்களாக மாறுகின்றன. அவ்வளவுதான். இந்த நிலையில் பிலிமை எந்த நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் படம் தெரியாது. படம் இருக்கிறது, ஆனால் ஒளிந்திருக்கிறது. இதை மறைபடிமம் என்கிறோம். பள்ளியில் மறைவெப்பம் படித்தவர்களுக்கு அந்த 'மறை' புரியும்.

அந்த நாலைந்து அணுதான் உறைமோர். ஸ்டூடியோக்காரர் பிலிமைக் கழுவும்போது ஊற்றும் முதற் திரவம், உறை விழுந்த சட்டிகளை மட்டும் முழுதாகத் தயிராக்குகிறது. அந்தப் பளிங்கில் உள்ள வெள்ளி முழுவதும் உலோகமாகிக் கறுக்கிறது. நாலைந்து அணு நூறு கோடியாகப் பெருகுகிறது. உறை விழாத சட்டிகள் பாலாகவே இருந்து, அடுத்த திரவத்தில் கரைந்து போகின்றன. ஒளி அதிகம் பட்ட இடம் அதிகம் கறுப்பதால்தான் மாமியின் மல்லிகை கறுத்தும் அவரது தலைமுடி வெளுத்தும் தெரிந்தன. அதைத் தாளில் இன்னொரு முறை தலைகீழாக்கினால் கலியாணப் படம்.

உறைமோர் எங்கே விழும் என்பதில் ஒரு கதை உண்டு. ஜெலற்றின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஒரு தொகுதி ஜெலற்றினில் செய்த பிலிம் நன்றாக வேலை செய்யும், இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும். ஏன் என்று கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் தேடினார். காரணம் மாடு தின்ற கடுகுச் செடி! கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் தோலோடு ஜெலற்றினுக்கு வந்து, பளிங்கின்மேல் வெள்ளி சல்பைட் புள்ளிகளை உண்டாக்கியது. அந்தப் புள்ளிகளில்தான் மறைபடிமம் குடியேறுகிறது. அதன்பின் கடுகை மாட்டிடம் விடாமல் தொழிற்சாலையே கணக்காகக் கலந்தது.

ஒளி வெள்ளி அயனை எப்படி அணுவாக மாற்றுகிறது என்பது 1938 வரை தெளிவாகவில்லை. அந்த ஆண்டு பிரித்தானியாவின் பிரிஸ்டலில் கர்னி, மொற் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். இரண்டு படி. முதலில் ஓர் ஒளித்துகள் பளிங்குக்குள் ஓர் இலத்திரனைக் கட்டவிழ்த்து விடுகிறது. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எலக்ட்ரான் என்பது இதுதான்.) அது அலைந்து திரிந்து அந்தக் கந்தகப் புள்ளியில் சிக்குகிறது. பிறகு, எதிர் மின்னூட்டமுள்ள அந்த இலத்திரனால் ஈர்க்கப்பட்டு ஒரு வெள்ளி அயன் மெல்ல நகர்ந்து வந்து சேர்கிறது. இரண்டும் கூடினால் ஒரு வெள்ளி அணு.

கண்ணால் பார்க்க முடியாத இந்த இரண்டு படியை எப்படி நம்புவது? அதே காலத்தில் வெப், எவன்ஸ் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு அறிவியலில் மிகப் பிடித்தவற்றில் ஒன்று. பிலிமைக் கடுங்குளிரில் உறையவைத்து ஒளி பாய்ச்சினார்கள். அந்தக் குளிரில் இலத்திரன் ஓடும், ஆனால் கனமான அயன் நகர முடியாது. சிக்கிய முதல் இலத்திரன் துணையில்லாமல் அங்கேயே இருந்து, பின்னால் வரும் இலத்திரன்களை எதிர்த்துத் தள்ளும். ஆகவே படம் மங்கலாகத்தான் வர வேண்டும்; அப்படியே வந்தது. பிறகு அதே அளவு ஒளியைத் தவணை தவணையாகப் பிரித்து, இடையிடையே பிலிமைச் சூடாக்கி மறுபடி குளிர்வித்துக் கொடுத்தார்கள். சூடான இடைவேளையில் அயன்கள் வந்து சேர, இடம் அடுத்த இலத்திரனுக்குத் தயாராக வேண்டும். படம் கறுக்க வேண்டும். கறுத்தது. ஒரே ஒளி, ஒரே பிலிம், நடுவில் ஓய்வு மட்டும் வித்தியாசம். கர்னியும் மொற்றும் சொன்னது சரி.

இந்த இலத்திரன்தான் இந்தக் கட்டுரையின் திருப்பம், ஏனென்றால் உங்கள் கைத்தொலைபேசிக் கமராவும் அதே இலத்திரனோடுதான் தொடங்குகிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து மின்னூட்டத்தை விடுவிக்கிறது என்பதன் முதல் தடயத்தைப் பார்த்தவர் ஹம்பேர்க்கில் 1857இல் பிறந்த ஹைன்ரிக் ஹேர்ட்ஸ். நகரத்து மக்கள் 'டெலிமிக்கல்' என்று அழைக்கும் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 1887இல் கார்ல்ஸ்ரூவில் அவர் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அலையை அனுப்பியது ஒரு மின்பொறி; அது வந்து சேர்ந்ததற்கு அடையாளம் இன்னொரு சின்னஞ்சிறு தீப்பொறி. அந்தச் சின்னப் பொறியை நன்றாகப் பார்க்க, அது விழும் இடத்தை ஓர் இருட்டுப் பெட்டியால் மூடினார். பொறி குட்டையாகிப் போனது. பெட்டி அலையைத் தடுத்ததா, வேறெதையாவது தடுத்ததா? நடுவில் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்தார். கண்ணாடி தடுத்தது, படிகக்கல் தடுக்கவில்லை. கண்ணாடி தடுப்பதும் படிகக்கல் விடுவதும் புறஊதா ஒளியை. ஆகவே அனுப்பும் பொறியிலிருந்து வந்த புறஊதா ஒளிதான் வாங்கும் பொறிக்குக் கைகொடுத்திருக்கிறது. இதை எழுதி வைத்துவிட்டு அவர் தன் அலைகளிடம் திரும்பிவிட்டார். விளக்கம் 1905இல் ஐன்ஸ்டைனிடமிருந்து வந்தபோது ஹேர்ட்ஸ் இல்லை. 1894 புத்தாண்டன்று, 36 வயதில் இறந்தவர் ஹம்பேர்க் ஓல்ஸ்டோர்ஃப் மயானத்தில் இருக்கிறார்.

ஹேர்ட்ஸ் பார்த்தது உலோகத்தை விட்டு வெளியே பாயும் மின்னூட்டம். டிஜிட்டல் கமராவின் சிலிக்கன் தகட்டில் இலத்திரன் வெளியே வருவதில்லை, உள்ளேயே அவிழ்கிறது, வெள்ளி புரோமைட்டில் அவிழ்வது போலவே. அந்த அளவில் பிலிமும் டிஜிட்டலும் உடன்பிறப்புகள். அவிழ்ந்த இலத்திரனுக்கு அடுத்து என்ன ஆகிறது என்பதில்தான் வழி பிரிகிறது. பிலிமில் அது வெள்ளியாகி அங்கேயே தங்கிவிடுகிறது. சிலிக்கனில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கோயில் உண்டியல். ஒளி விழ விழ உள்ளே இலத்திரன்கள் சேரும். கதவு மூடியதும் எல்லா உண்டியலையும் திறந்து எண்ணி, எண்ணிக்கையை வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, உண்டியலைக் காலியாக்கி அடுத்த படத்துக்கு வைப்பார்கள். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பொய்லும் ஜோர்ஜ் ஸ்மித்தும் வகுத்த வழி இது. 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடிக்கும் இடமும் வைத்திருக்கும் இடமும் பிலிமில் ஒன்று. டிஜிட்டலில் இரண்டு. நான் சொல்ல வந்தது இதைத்தான். 1975இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கமராவைப் பாருங்கள்: 10,000 பிக்சல், ஒரு படத்தை எழுதி முடிக்க 23 விநாடி. எழுதியது எதில்? நாம் பாட்டுக் கேட்ட அதே கசெற் நாடாவில். பிறக்கும்போதே கண்ணும் ஏடும் பிரிந்துதான் பிறந்தன.

இந்தப் பிரிவின் பலம் எவ்வளவு பெரியது என்பதை வானியலாளர்கள் மற்றவர்களுக்கு முன்பே கண்டார்கள். ஹம்பேர்க்கின் கிழக்கோரத்தில் பேர்கெடோர்ஃப் வானாய்வகம் இருக்கிறது. சிறுவயதில் வெடிமருந்து விபத்தில் வலக்கையை இழந்த பேர்ண்ஹார்ட் ஷ்மிட், ஒற்றைக் கையால் கண்ணாடி தேய்த்து, வானத்தின் பெரும் பரப்பை ஒரே தகட்டில் பிடிக்கும் தொலைநோக்கியை 1930இல் அங்கேதான் உருவாக்கினார். உலகம் முழுவதும் பின்னர் எழுந்த ஷ்மிட் தொலைநோக்கிகளுக்கு அது தாய். ஆனால் எவ்வளவு நல்ல தொலைநோக்கியாக இருந்தாலும் தகடு மந்தமானது. வந்து விழும் நூறு ஒளித்துகளில் ஒன்றோ இரண்டோதான் அதில் பயன்படும். சிலிக்கனில் எண்பது, தொண்ணூறு வரை பயன்படும். இதைப் பிடிதிறன் என்று சொல்லலாம். அதோடு இன்னொரு குறை. மறைபடிமத்தின் முதல் வெள்ளி அணு தனியே நிலைக்காது. துணை சீக்கிரம் வராவிட்டால் கலைந்துவிடும். மங்கிய நட்சத்திரத்தின் ஒளித்துகள்கள் ஒன்றொன்றாக, நேரம் விட்டு விட்டு வரும். ஒன்று வந்து பதிவதற்குள் முந்தையது மறந்து போகும். கருந்துளைக் கணக்கால் பேர் பெற்ற கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட், அதற்கு வெகு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மறதியை நட்சத்திரப் படங்களில் அளந்திருக்கிறார். உண்டியலுக்கு மறதி கிடையாது. எப்போது போட்டாலும் காசு காசுதான். எனவே வானாய்வகங்கள் நம் வீடுகளுக்கு முன்பே பிலிமை விட்டன.

வீடுகளில் நடந்தது வேறு. உண்டியல் காலியாகி மறுபடி பயன்படுவதால் அடுத்த படத்துக்குச் செலவில்லை, எடுத்ததை உடனே பார்க்கலாம். மக்கள் மாறினார்கள். ஆனால் அந்தச் சரிவு ஏன் அவ்வளவு செங்குத்தாக இருந்தது என்பதற்குத் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும். பிலிம் பூசும் இயந்திரம், முழு இருட்டில், ஒரு மீற்றருக்கும் அதிக அகலமான சுருளைக் கிலோமீற்றர் கணக்கில் ஓட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய படைகளைப் பூசும். கோயில் அன்னதானத்துக்குச் சோறு அவிக்கும் கிடாரம் அது. அதில் நாலு பேருக்குச் சமைக்க முடியாது. விற்பனை பாதியானால் செலவு பாதியாகாது. லெவர்குசனின் அக்பாஃபோட்டோ, தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியான சில மாதங்களில், 2005 மே மாதம் கடனை அடைக்க முடியாமல் நீதிமன்றம் போனது. கோடக்குரோம் பிலிமை 2009இல் நிறுத்திய கோடாக், 2012 ஜனவரியில் அதே வழியில் போனது. தன் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்த குழந்தையைக் கோடாக் வளர்க்கத் தவறியது என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கிடாரத்தின் கணக்கைச் சேர்க்காமல் சொன்னால் பாதி உண்மை.

பிலிம் முழுதாகப் போய்விடவில்லை. அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் கோடாக் இன்றும் பூசுகிறது. சினிமாக்காரர்களும் இளைஞர்களும் வாங்குகிறார்கள். ஜேர்மனியில் டிஎம், ரொஸ்மான் கடைகளில், சம்பூவுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில், கழுவக் கொடுக்கும் பிலிமை உறையில் போட்டு இடும் பெட்டியை இப்போதும் காணலாம்.

இனி மாமியின் இறுவட்டு. வீட்டில் எழுதும் இறுவட்டில் தகவல் இருப்பது ஒரு சாயப் படையில். ஈரமும் வெப்பமும் ஒளியும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். கெட்டால் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதில்லை. ஓர் அளவுக்குமேல் போனால் மொத்தமாக வாசிக்க முடியாமல் போய்விடும். சாயம் நன்றாக இருந்தாலும் வாசிக்க ஒரு கருவி, அந்தக் கருவிக்கு ஒரு கணினி, அந்தக் கோப்புமுறை தெரிந்த ஒரு மென்பொருள் எல்லாம் ஒருசேர உயிரோடு இருக்க வேண்டும். கண்ணும் ஏடும் பிரிந்ததற்குக் கொடுக்கும் விலை இது. அந்தப் பிரிவே ஒரு வரமும் தருகிறது: எண்களைத் துளி இழப்பில்லாமல் எத்தனை முறையும் படியெடுக்கலாம். நெகட்டிவை அப்படிச் செய்ய முடியாது. டிஜிட்டல் படம் ஓர் இடத்தில் வைத்தால் நிலைக்கும் பொருளல்ல, வாய்மொழிக் கதை போல. யாராவது அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் வாழும்.

நெகட்டிவும் சாகாவரம் பெற்றதல்ல. பால்மத்தைத் தாங்கும் அடித்தளமாக 1948 அளவில் புழக்கத்துக்கு வந்த ட்ரைஅசிற்றேற், சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து அசிற்றிக் அமிலத்தை விடும். பேணியைத் திறந்ததும் வினாகிரி மணந்தால் அந்த நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நோயைப் பற்றிக் கோடாக்குக்கு வந்த முதல் முறைப்பாடு இந்திய அரசிடமிருந்து என்பதில் வியப்பில்லை. நம் காலநிலை அப்படி. வண்ண நெகட்டிவில் வெள்ளியை நீக்கிவிட்டுச் சாயத்தை மட்டும் விடுவதால் அது இன்னும் வேகமாக மங்கும். பேர்கெடோர்ஃபில் பல்லாயிரம் கண்ணாடித் தகடுகளையும், கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களையும், எந்தப் பதிவும் என்றென்றைக்கும் நிலைக்காது என்பதால்தான் எண்களாக மாற்றினார்கள். மாற்றிய பிறகு தகடுகளை வீசவில்லை. ஒரு நட்சத்திரம் நூறாண்டுக்கு முன் ஒரு குறிப்பிட்ட இரவில் எவ்வளவு ஒளிர்ந்தது என்று இனி யாராலும் போய் அளக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேணி இருக்கும். இந்த வார விடுமுறையில் அதைக் கெல்லரிலிருந்து மேலே கொண்டு வாருங்கள். அங்கே ஈரம் அதிகம். பிளாஸ்ரிக் பையில் இருந்தால் எடுத்து, தாள் உறையில் இட்டு, ஈரமும் சூடும் இல்லாத இருட்டான அலுமாரித் தட்டில் வையுங்கள். ஸ்கான் செய்து இரண்டு வேறு இடங்களில் படி வையுங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். ஸ்கான் முடிந்தது என்று நெகட்டிவை எறியாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். மாமியின் கலியாணப் படத்தில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். பத்தொன்பது பேரின் பெயர்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.